உதட்டு ஃபில்லரைக் கரைக்கலாமா? உர்ஃபி ஜாவேத் வீடியோவும் விவரமும்

உதடும் கன்னமும் வீங்கிய முகத்தோடு உர்ஃபி ஜாவேத் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டது 2025 ஜூலையில். உதட்டில் போட்ட ஃபில்லர் சரியான இடத்தில் நிற்காததால் கரைத்துவிட்டாராம். வலித்தது என்றும் சொன்னார். அதற்காக ஃபில்லரே வேண்டாம் என்று சொல்லவில்லை. இயல்பாகத் தெரியும்படி மறுபடி போடுவாராம்.

கரைக்கும் மருந்து ஹயலூரோனிடேஸ் என்ற நொதி. ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பலன் தெரியும். ஆனால் ஹயலூரோனிக் அமில ஃபில்லரை மட்டும்தான் கரைக்கும். சிலிகான், கால்சியம் வகைகளிடம் இதன் பருப்பு வேகாது. அதனால் "எனக்கு என்ன போட்டீங்க?" என்று கிளினிக்கில் கேட்டு, எழுதி வாங்கிக்கணும். மேற்கு மாம்பலத்திலிருந்து சப்வே தாண்டி தி.நகரில் புடவை எடுத்தாலே பில் கேட்கிறோம், முகத்துக்குக் கேட்க என்ன தயக்கம்?

தேனீ, குளவி கொட்டி அலர்ஜி வந்தவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிடணும். இந்த ஊசியும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தோற்றம்தான் பிடிக்கலைன்னா அவசரம் வேண்டாம், வீக்கம் வடிய 2 வாரம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் ஃபில்லர் போட்டதும் கடும் வலி, தோல் வெளுப்பது, பார்வை மங்குவது எல்லாம் ரத்தக்குழாய் அடைபட்டதன் அறிகுறி. அப்போ யோசிக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.