மேட்டு நகரத்தின் தண்ணீர்

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் யாரும் தாங்கள் ஏரிக்குள் நிற்பதாக நினைப்பதில்லை. அது ஏரிதான். பெயர் தர்மாம்புதி. அம்புதி என்றால் கடல். நிகண்டு படித்த காலத்தில் மனப்பாடம் செய்த சொல் அது. கோட்டை நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த அந்தக் கடலில் இப்போது நடைமேடைகள்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. நமக்கு அது தென்பெண்ணை. 1537ல் ஊரை நிர்மாணித்ததாகச் சொல்லப்படும் கெம்பே கவுடருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இந்தச் சரிவு புரிந்திருந்தது. ஓடும் நீரை மறித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஏரிகள் அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் வாய்க்கால் வழியே அடுத்ததற்கு. ராஜகாலுவே என்று கன்னடத்தில் பெயர்.

1894ல் ஹெசரகட்டா, 1933ல் திப்பகொண்டனஹள்ளி, 1974ல் காவிரி. குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரி வெறும் காலி மனையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. ஓரத்தில் ஒரு குளம் மட்டும் மிச்சம். அதையும் காப்பாற்றியது திட்டமல்ல, திருவிழா என்றுதான் நினைக்கிறேன். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படும் திகளர்கள், தோட்டக்காரச் சமூகத்தினர், நடத்தும் கரகத்துக்கு அந்தக் குளத்துத் தண்ணீர் வேண்டும்.

காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தூரம் குழாயில் வருகிறது, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு. அப்படியும் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அடுக்குமாடிவாசிகள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. மீண்டும் ஒரு குழாய்!

மேலே ஏற்றிய தண்ணீர் கீழே இறங்கத்தானே வேண்டும்? இறங்குகிறது, சாக்கடையாக. பெல்லந்தூர் ஏரி 2017ல் தீப்பிடித்து எரிந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. காவிரியில் எடுத்ததில் ஒரு பங்கு இப்படிக் கழிவாகித் தென்பெண்ணையில் கலக்கிறது. ஆற்றை மாற்றி விடும் இந்த ஏற்பாட்டை எந்த நதிநீர்ப் பேச்சிலும் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. மதகு திறந்தபோது வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பி, பஞ்சுப் பொதிபோல் காற்றில் பறந்தது ஒரு முறையல்ல, பல முறை. அந்தத் தண்ணீர்தான் அங்கே வயலுக்குப் பாய்கிறது.