நீருக்கு வழி எங்கே?

மழை பெய்வது வானத்தின் செயல். அதற்கு எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது. ஆனால், நேற்றுவரை அம்மழைநீர் வடிந்தோடிய பள்ளத்தை அயற்காணிக்காரர் கிரவல் கொட்டி மேடாக்க, அந்நீர் திரும்பி ஏழை ஒருவனின் வளவுக்குள்ளும் வயலுக்குள்ளும் தேங்குமாயின், அது மனிதனின் செயல். இவ்வேறுபாட்டை அதிகார பீடங்கள் உணர மறுக்கின்றன. வெள்ளம் வந்தபின் உலருணவு பங்கிடுவதோடு தம் கடமை முடிந்ததென்று அவை கருதுகின்றன.

சீனன்குடா மக்கள் இதைக் குறித்து இப்பொழுதே விழித்தெழ வேண்டும். 2022 ஜனவரியில் இங்குள்ள 99 எண்ணெய்க் குதங்களும் மூன்றாகப் பங்கிடப்பட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை வலுச்சக்தி மையமாக்குவதற்கு இந்தியாவுடனும் ஐக்கிய அரபு எமிரேட்சுடனும் உடன்பாடு செய்யப்பட்டது. தொழில் வருவதை நாம் வெறுப்பவரல்லர். எம் இளைஞருக்கு வேலை வேண்டும். ஆயின், காடு வெட்டிச் சீமெந்து பூசிய தரையில் மழைநீர் ஊறாது, ஓடும். பெருந்தொழில் வருமிடத்தில் களஞ்சியமும் கடையும் குடியிருப்பும் பின்தொடரும். பள்ளக் காணிகளுக்கும் விலை ஏறும். அத்தனை நீரையும் தம்பலகாமக் குடாவுக்குக் கொண்டுசெல்ல, வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் கீழுள்ள மதகுகள் போதுமா? அடிக்கல் நாட்டுமுன் அளந்து பார்க்கவேண்டியது இதுவன்றோ!

அளக்காமற் கட்டியவர்களின் கதையை நாம் அறிவோம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேயருக்கு மேல் பரந்திருந்தது. அதன்மீது நகரம் ஏறிற்று. 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் வெள்ளம் ஏறிற்று. கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளுக்கும் இதே கதிதான். 2010 நவம்பரில் தியவன்னா ஓயாக் கரையில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. சட்டம் இயற்றுவோரின் வாசலுக்கே வெள்ளம் சென்று பாடம் சொல்லிற்று. பாடம் ஏறியதா என்பது வேறு விடயம். 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பகுதி மக்கள் கூரைமட்டும் நீர் கண்டனர்.

சட்டம் இல்லையா? உண்டு. எமது நாட்டின் உரோமன் டச்சுச் சட்டப்படி, மேட்டுக் காணியிலிருந்து இயற்கையாக வடியும் நீரைத் தாழ்ந்த காணிக்காரர் ஏற்றேயாக வேண்டும். மேட்டுக்காரரோ அதனைச் செயற்கையாகப் பெருக்கவோ திருப்பிவிடவோ உரிமையற்றவர். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணி நிரப்புவதைத் தடுக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் விதிகளின்படி, நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பினாற்றான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். நான்கு ஹெக்டேயர் ஏறத்தாழப் பத்து ஏக்கர். ஒன்பது ஏக்கர் நிரப்புபவர் தப்பிக்கொள்வார். ஆளுக்கு ஓர் ஏக்கராக இருபதுபேர் நிரப்பினால், இருபது பேரும் தப்பிக்கொள்வர். நீருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அது இருபது ஏக்கர் நீராகவே அடுத்தவன் வயலில் நிற்கும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். மூழ்கிய நாற்றோ சில நாளில் அழுகிப்போகும்.

ஆகவே, காணி உயர்த்துவதற்கோ கட்டடத்துக்கோ அனுமதி கேட்பவர் எவராயினும், அரசாங்கமே ஆயினும், நீர் எவ்வழியாக வெளியேறும் என்ற வரைபடத்தை முன்வைத்த பின்னரே உள்ளூராட்சி மன்றம் கையொப்பமிட வேண்டும். அயற்காணிக்காரருக்கு முன்னறிவித்தல் கொடுத்து, அவர் ஆட்சேபத்தையும் கேட்டல் வேண்டும். எம் பொறியியலாளரும் நில அளவையாளரும் அவ்வரைபடங்களைக் கமக்காரருக்கு விளக்க முன்வர வேண்டும். கமக்காரரும் வாளாவிருத்தல் ஆகாது. ஐப்பசி பிறக்குமுன் வாய்க்காலையும் மதகையும் படம்பிடித்து, கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பி, பற்றுச்சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். நாளை வழக்கென்று வந்தால், முதலிற் கேட்கப்படுவது அச்சீட்டே.