மரவள்ளித் தேமலுக்குக் குருத்தில் ஒரு வழி

மேச்சேரி வட்டாரத்தில் மரவள்ளி, அதாவது குச்சிக் கிழங்கு, பயிரிடும் விவசாயிகளுக்குத் தேமல் நோய் புதிதல்ல. இலை மஞ்சளும் பச்சையுமாகித் திருகிச் சிறுத்துவிடும், கிழங்கும் குறையும். இந்த வைரஸ் நோயை வெள்ளை ஈ செடிக்குச் செடி பரப்புகிறது. ஓர் ஆண்டிலிருந்து மறு ஆண்டுக்குக் கொண்டு செல்வதோ நடும் கரணைதான். தாய்ச் செடியின் நோய் கரணையிலும் இருக்கும்.

ஆனால், வைரஸ் எளிதில் நுழையாத இடம் ஒன்று செடியில் உண்டு. அதுவே குருத்தின் உச்சி. ஊசிமுனையளவான அவ்விடத்தில் மூலச் செல்கள் ஓயாமல் பிரிந்து இலையையும் கணுவையும் உண்டாக்குகின்றன. இலையடுக்கின் ஒழுங்கும் அங்கேயே அமைகிறது. மரவள்ளித் தண்டில் ஓர் இலையிலிருந்து எண்ணினால், ஆறாவது இலை அதற்கு நேர் மேலே இருக்கும். மூலச் செல்களைக் காக்கும் புரதம் ஒன்றே வைரஸையும் தடுக்கிறது என்று, கடுகு இனச் சிறுசெடி ஒன்றில் சீன விஞ்ஞானிகள் 2020-ல் கண்டனர்.

காரணம் தெரியுமுன்பே இவ்வியல்பு பயன்பட்டது. 1952-ல் பிரான்சில் மோரெல், மார்ட்டின் இருவரும் குருத்து உச்சியிலிருந்து வைரஸ் இல்லாத டேலியாச் செடிகளை வளர்த்தனர். 1975-ல் கனடாவில் மரவள்ளியிலும் இம்முறை வெற்றி பெற்றது. திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் இம்முறையைக் கையாள்கிறது.

ஆய்வுக்கூடச் செடியை ஒருவர் மட்டும் நட்டுப் பயனில்லை. பக்கத்து வயலில் தேமல் இருந்தால் வெள்ளை ஈ அதைக் கொண்டுவந்துவிடும். எனவே ஊருக்கு ஒரு தாய்த் தோட்டம் வேண்டும். ஒரு செடியில் சுமார் 10 கரணைகள் கிடைக்கும். 100 செடிகளில் தொடங்கினால் இரண்டாம் ஆண்டு முடிவில் 10,000 கரணைகள் சேரும். 90 செ.மீ. இடைவெளியில் 2 ஏக்கருக்கு அது போதும். தொடக்கச் செடிகளைச் சிறு விவசாயிக்குக் குறைந்த விலையில் தருவது அரசின் கடமை.

அதுவரை கைச்செலவில்லாத வேலை ஒன்று உண்டு. அறுவடைக்குப் பின் இலையற்ற குச்சியைப் பார்த்துத் தேமலை அறிய முடியாது. பயிர் பச்சையாக நிற்கும்போதே நோயற்ற செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றிலிருந்தே கரணை எடுக்க வேண்டும். கரணைகளை மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக நட்டு, 20 முதல் 25 நாட்களில் தேமல் தெரிபவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றவற்றை வயலில் நடலாம். இதை ஊரார் சேர்ந்து செய்தால்தான் பலன் நிலைக்கும்.