கால்ஷீட் கேட்கிறோம்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், தொலைக்காட்சி, ஓடிடி நிறுவனத்தார் கவனத்துக்கு, டவுன் சிண்ட்ரோம் உள்ள நாங்களும் எங்கள் பெற்றோரும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைச் சாசனம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள கோபிகிருஷ்ணன் வர்மா, 2021இல் 'திரிகே' மலையாளப் படத்தில் நாயகனாக நடித்தார். 2025 ஜூனில் வெளிவந்த 'சித்தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தில் நடித்த, அறிவுசார் குறைபாடு உள்ள பத்துப் பேரில் அவரும் ஒருவர். அதை இயக்கிய ஆர்.எஸ். பிரசன்னா, 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த நம்மூர்க்காரர். இன்னும் முன்னால் போனால், 1996 கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்ட பெல்ஜிய நடிகர் பாஸ்கல் டுகெனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். 'இவங்களை வச்சு எப்படிப் படம் எடுக்கிறது?' என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

ஆகவே, எங்களைப் போன்ற ஒருவரைக் கதையில் எழுதினால் முதல் ஆடிஷன் எங்களுக்கு வையுங்கள். சரிப்படாவிட்டால் நட்சத்திரத்திடம் போங்கள். கதாநாயகனின் தம்பியாக, ஜெராக்ஸ் கடைக்காரராக, கல்யாண வீட்டில் வம்பளக்கும் அத்தையாக நடிக்கக் கூப்பிடுங்கள். கிளைமாக்ஸில் யாரையாவது அழவைக்க மட்டும் எங்களைத் தேடாதீர்கள்.

எங்கள் குரலை எடுத்துவிட்டு வேறொருவரை டப்பிங் பேசவைக்காதீர்கள். நாக்குத் தசை தளர்வாக இருப்பதால் எங்களில் பலருக்குச் சில எழுத்துகள் குழையும். ழகரமே வராத எத்தனையோ பேரைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள் இதையும் கேட்பார்கள். ஸ்பாட்டில் வசனம் கொடுத்து ப்ராம்ப்ட் செய்யும் வழக்கம் எங்களுக்கு ஒத்துவராது. ஒரு வாரம் முன்பே சின்னச் சின்ன வாக்கியங்களாக, பெரிய எழுத்தில் அனுப்புங்கள். கூடவே வாய்ஸ் நோட்டும் அனுப்பினால் நல்லது. எங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இதயக் கோளாறுடன் பிறந்தவர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் நிறைய. அதனால் காலையில் மேக்கப் போட்டுவிட்டுச் சாயங்காலம் ஷாட்டுக்கு அழைக்காதீர்கள்.

சம்பளமும் பேட்டாவும் மற்ற நடிகர்களுக்குத் தருவதுபோலவே, நடித்தவரின் வங்கிக் கணக்கில் விழவேண்டும். 'சான்ஸ் கொடுத்ததே பெரிசு' என்று பொன்னாடை போர்த்திக் கணக்கை முடிக்கக் கூடாது. ஒப்பந்தத்தை எளிய தமிழில் அவருக்கும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அம்மா, அப்பாவின் தலையாட்டல் மட்டும் போதாது.

காமெடி டிராக்குகளில் 'லூசு', 'மெண்டல்' என்று எழுதும் வசனகர்த்தாக்களுக்கு ஒன்று: மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவையும், அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. பொதுவெளியில் வேண்டுமென்றே அவமதிப்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி குற்றம். காமெடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களில் சிலருக்கு டைமிங் பிரமாதமாக வரும், எங்களையே செய்யவிடுங்கள்.

அடுத்த ஆடிஷன் அறிவிப்பில் 'டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் வரலாம்' என்று ஒரு வரி சேருங்கள். துணைக்கு வருபவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள்.