முப்பத்தைந்து மார்க்கு போதுமா?

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

"ஐந்தில் இரண்டு" என்று எழுதுகிற மாணவர்கள் பத்தாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள்! ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரைத் தோசையோடு இன்னொரு துண்டு வைத்தால், இருந்ததும் குறைந்துபோகுமா?

இப்படி எழுதுகிற மாணவரும் கணக்கில் பாஸ் செய்துவிடலாம்.

எப்படி?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சைக்கு 100 மார்க்கு. பாஸ் செய்ய 35 வேண்டும்.

ஒரு மார்க்குக் கேள்விகள் 14. செய்முறை வடிவியலுக்கு 8 மார்க்கு. வரைபடத்துக்கு 8 மார்க்கு. ஆக, 30. ஐந்து மார்க்குக் கேள்வி ஒன்றைச் சரியாக எழுதிவிட்டால், 35!

பரீட்சை நெருங்கியதும், பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். பல இடங்களில் அங்கே சொல்லித் தருவது இந்த வழியைத்தான். ஒரு மார்க்கு விடைகளை மனப்பாடம் செய். வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து பழகு!

ஆசிரியர் மீது பழி போடுவது நியாயம் அல்ல. அவருக்குக் கிடைப்பது சில வாரங்கள். பாஸ் இல்லையென்றால் பிளஸ் 1 இல்லை, பாலிடெக்னிக் இல்லை. பிள்ளையைக் கரை சேர்க்க வேண்டுமே என்று அவர் தவிக்கிறார்.

ஆனால், பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டிலேயே கணக்கு மறுபடியும் வந்து எதிரே நிற்கிறது. அங்கே மனப்பாடம் எத்தனை நாள் கைகொடுக்கும்?

எங்கே விட்டது?

தவறு பத்தாம் வகுப்பில் நேர்ந்தது அல்ல. நாலாவது, ஐந்தாவது படிக்கும்போதே பின்னமும் வகுத்தலும் பிடிபடாமல் போய்விட்டன. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஃபெயில் ஆன சிறுவன் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடக் கூடும். ஆனால், வகுப்பு ஏறுகிறது, கணக்கு ஏறவில்லை!

கேள்வித்தாளை எளிதாக்கலாம் என்பார்கள். மத்திய பாடத்திட்டத்தில் 2020 முதல் பத்தாம் வகுப்பு கணக்குக்கு, கடினமானது ஒன்றும் எளியது ஒன்றுமாக இரண்டு வகைக் கேள்வித்தாள் இருக்கிறது. அதனால் பிள்ளையின் பயம் குறையலாம். பின்னம் வந்துவிடாது.

செய்ய வேண்டியது

சிறு வகுப்புகளுக்காக 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்கு அடிப்படையைக் கற்பிக்க, 2025-ல் 'திறன்' திட்டம் வந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. பெயரளவில் நின்றுவிடாமல் அவை நடக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் சேரும்போதே, ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்திலிருந்து கற்பிக்க நேரமும் ஆசிரியரும் வேண்டும். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பையும் பள்ளி திறக்கிற ஜூன் மாதமே ஆரம்பிக்கலாம்.

கூட்டலும் வகுத்தலும் தெரியாத கையில் 35 மார்க்குச் சான்றிதழைக் கொடுத்து வழியனுப்புவது, அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உபகாரம் ஆகுமா? கல்வி அதிகாரிகள் சிந்திக்க வேண்டும்.