வாசற்படி மூன்று



குருப்பட்டம் பெற்ற நாள் முதல் எத்தனை வீடுகளை மந்திரித்திருப்போம் என்று நாம் கணக்கு வைத்ததில்லை. தீர்த்தம் தெளித்தபடி அறை அறையாகச் செல்வோம். சுவரைப் பார்ப்போம், கூரையைப் பார்ப்போம், வீட்டுக்காரர் பெருமையோடு காட்டும் தேக்கு நிலையைத் தொட்டுப் பார்த்து மெச்சுவோம். வாசற்படியை மட்டும் நாம் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நமது பழைய பங்கு ஒன்றில் வாழ்ந்த ஒரு பனையேறி. அவரைப் பற்றி இம்மாதம் சொல்லியாக வேண்டும். அதில் நமது பிழையும் அடங்கியிருப்பதால் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கிறோம்.

பதநீர் இறக்க ஏறியவர் மரத்தின் உச்சியிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, தண்டுவடம் முறிந்துபோயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்று மருத்துவமனையில் சொல்லி, சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் ஓலைக் குடிசை. மனைவி, இரண்டு பிள்ளைகள். மழை பெய்தால் கட்டிலை இழுத்துப் போட இடமில்லை. அந்த ஆண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கையைக் குறைத்துக்கொண்டு, மிச்சப்பட்ட பணத்தையும், பங்கு மக்கள் தந்த காணிக்கையையும், அரசுத் திட்டத்தில் அவருக்குக் கிடைத்த தொகையையும் சேர்த்து, அவருடைய இரண்டு சென்ட் பட்டா நிலத்தில் ஒரு கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தோம். பதினைந்தடி அகலம், இருபத்து நான்கடி நீளம்.

மந்திரிப்பு நாளன்று நான்கு இளைஞர்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மூன்று படிகளையும் ஏறினார்கள். கூடியிருந்தோர் கைதட்டினார்கள். மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி நாம் உரையாற்றினோம். நன்றாகப் பேசியதாகவே அன்று எண்ணிக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்ற ஒரு நாளில், அந்த வீட்டு முற்றத்தில் அவருடைய சக்கர நாற்காலியைக் கண்டோம். வேப்ப மரத்தடியில் நின்றது. டயரில் காற்றில்லை. இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“நாற்காலி ஏனம்மா வெளியில் கிடக்கிறது?” என்று அவருடைய மனைவியைக் கேட்டோம்.

“உள்ள இருந்தா யாருக்கு என்ன பிரயோசனம் சாமி? அன்னைக்கு உள்ள தூக்கி வச்சவுக, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு தடவ தூக்கினாக. அவ்வளவுதான். தினமும் நாலு ஆம்பளையாளைக் கூப்பிட முடியுமா? எல்லாரும் விடிஞ்சதும் வேலைக்குப் போயிருதாக. குடிசையில இருந்தப்ப மண் தரைதானே, தவழ்ந்தாவது வெளிய வந்து மரத்தடியில இருப்பாக.”

அவர் குறுக்கிட்டு, “நல்ல வீடுதான் சாமி” என்றார். நமக்கு மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

அதைவிடக் கடுமையான செய்தியைத் தயக்கத்தோடு பிறகுதான் சொன்னார்கள். கழிப்பறையை வீட்டுக்குப் பின்னால் தனியே கட்டியிருந்தோம். அதற்கும் ஒரு படி. கதவின் அகலம் இரண்டு அடி. சக்கர நாற்காலியோ இரண்டடிக்குச் சற்று மேல். ஆகவே அவர் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், நாளடைவில் சிறுநீரகமே கெடும் என்பது மருத்துவர்கள் சொல்லி நாமும் அறிந்ததே. நாம் கட்டிய வீடு ஒருவரை மெல்ல மெல்ல நோயில் தள்ளிக்கொண்டிருந்தது. நல்லெண்ணத்தோடு கட்டினோம் என்பது அவருடைய சிறுநீரகத்துக்குத் தெரியாது அல்லவா!

அன்பர்களே, இத்தகையோர் யாரோ சிலர் என்று எண்ண வேண்டாம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமது நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேரை உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்களாகக் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முன்பு ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் மாறியது நல்லதே. படிகள்தான் மாறவில்லை.

சட்டம் இவர்களை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் நூற்றுக்கு மூன்று வீடுகள் இவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுமனையைச் சலுகை விலையில் வழங்குவது பற்றிப் பேசியது. அதற்குப் பதிலாக வந்து 2017 ஏப்ரலில் நடைமுறையான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37ஆம் பிரிவில், வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து இவர்களுக்கு என்றும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்றும் கூறுகிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் அந்தப் பிரிவை நாம் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தோம். எத்தனை வீடு என்று சொல்கிறது. அந்த வீட்டுக்குள் அவர் எப்படி நுழைவார் என்று சொல்லவில்லை. பொதுக் கட்டடங்களைப் பற்றி வேறு பிரிவுகளில் விரிவான விதிகள் உண்டு. அவை வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடலாகாது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சாய்தளம் கேட்கிறோம். மனிதன் நாள் முழுவதும் இருப்பதோ தன் வீட்டில்!

வீட்டைத் திருத்தலாம் என்று முடிவு செய்து கொத்தனாரை அழைத்தோம். அப்போதுதான் சாய்தளம் என்பதன் கணக்கு நமக்கு விளங்கியது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். இதற்குக் குறைந்தால் தன் கையால் சக்கரத்தைத் தள்ளுபவர் ஏற முடியாது. இறங்கும்போது குப்புற விழுவார். நமது வீட்டின் மூன்று படிகளும் ஆறு ஆறு அங்குலம், மொத்தம் ஒன்றரை அடி. ஆக, பதினெட்டு அடி நீளச் சாய்தளம் தேவை. மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலியைத் திருப்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளமும் வேண்டும். வீட்டு முகப்புக்கும் தெருவுக்கும் இடையே இருந்ததோ ஆறு அடி. கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

“ஏன் சாமி, பைக் ஏத்துற மாதிரி செங்குத்தா ஒண்ணு போட்டுருவோமே” என்றார்.

இந்தப் ‘பைக் சாய்தளம்’ இப்போது ஊருக்கு ஊர் காணப்படுகிறது. வண்டியை உறுமவிட்டு ஏற்றுவதற்காகப் போட்டது. சக்கர நாற்காலிக்கு அது படியைவிட ஆபத்தானது. படியாவது, இங்கே ஏற முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. பள்ளிகளிலும், ஏன், சில ஆலயங்களிலும்கூட இத்தகைய செங்குத்துச் சரிவைக் கட்டி, சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் ஒருமுறை நாற்காலியில் அமர்ந்து அதில் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்.

முடிவில் வழி பக்கவாட்டில் கிடைத்தது. தெருவோரத்தில் தொடங்கி, இருபத்து நான்கடி நீளமுள்ள பக்கச் சுவரை ஒட்டி நான்கடி அகலத்தில் சாய்தளம் ஏறியது. பின்கோடியில் சமதளம். அங்கிருந்த சன்னலை இடித்து மூன்றடிக் கதவாக்கினோம். தளத்தை வழவழப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். வெளியோரத்தில் சக்கரம் நழுவாதபடி நான்கு அங்குலக் கட்டையும், பிடித்துக்கொள்ளக் குழாயும் வைத்தோம். தெற்கே வாசல் திறக்கிறதே, ஆகுமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கவலைப்பட்டார். கிறிஸ்தவர்களிடமும் இந்தக் கவலை இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி இன்னொரு மாதம் பேசுவோம்.

பழைய கழிப்பறையை விட்டுவிட்டு, அந்தக் கதவை அடுத்தே ஐந்தடிக்கு ஆறடியில் புதிதாக ஒன்று கட்டினோம். தரை வீட்டுத் தரையோடு சமம். நாற்காலியின் இருக்கை உயரத்திலேயே உட்காரும் பீங்கான். சுவரில் இரண்டு இரும்புக் கைப்பிடிகள். ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்குமாறு செங்கல்லுக்குள் ஆழ இறக்கியவை. கதவு வெளிப்புறமாகத் திறக்கும். இந்தக் கடைசிக் குறிப்பைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உட்புறம் திறக்கும் கதவாயின், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வயதான மாமியார், மாமனார் உள்ள எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

செலவு? இடித்ததற்கும் மறுபடி கட்டியதற்கும் ஆன தொகையைப் பங்குப் பேரவையில் படித்தபோது நமக்குக் குரல் எழும்பவில்லை. வாணம் தோண்டும் முன்பே சிந்தித்திருந்தால் அடித்தள மேடைக்குக் கொட்டிய மண்ணோடு சாய்தளத்துக்கும் சேர்த்துக் கொட்டியிருப்போம். கதவை அரை அடி அகலமாக வாங்குவதில் பெரிய வேறுபாடு இல்லை. மின் விசைகளை நான்கரை அடி உயரத்தில் வைப்பதற்குப் பதில் மூன்றடியில் வைக்க ஒரு காசு கூடுதல் இல்லை. ஏழைக்கு எட்டாத செலவு, தவறாகக் கட்டிவிட்டுத் திருத்துவதில்தான் இருக்கிறது. மத்திய அரசின் ஊரகத் திட்டம் 2016இல் தொடங்கியபோது சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்று வகுத்தது. மாநில அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்றது. இத்தொகையில் கட்டி முடித்த குடும்பம் பிறகு எதைக் கொண்டு இடித்துக் கட்டும்? கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. அதிலே மருந்தும் அடங்க வேண்டும், அரிசியும் அடங்க வேண்டும்.

சொந்த நிலம் உள்ளவர் நிலையே இது. வாடகைக்குத் தேடுவோர் பாடு வேறு. நகரத்தில் வேலை கிடைத்த நமது பங்குப் பெண் ஒருத்தி, இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோலோடு நடப்பவள், இரண்டு மாதம் வீடு தேடினாள். கீழ்த்தளம் வேண்டும் என்றாலே வாடகை கூடுகிறது. வாடகையைத் தருகிறேன் என்றாலும், “துணைக்கு யாரும்மா இருப்பா? விழுந்து கிழுந்து வச்சா எங்களுக்குல்லா வம்பு” என்கிறார்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, டைல்ஸ் உடையும் என்று மறுத்த வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர். இதை அவரும் படிப்பார் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரை நம்மில் மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தவர். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன் அவர்களும் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரே. இவர்களுடைய மனத்திடத்தை மேடைதோறும் புகழ்கிறோம். மேரி அம்மையாரின் நாற்காலி அறுவை மேசை வரை போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமது பனையேறிக்கும் மனத்திடம் குறைவில்லை. அவருடைய நாற்காலி வேப்ப மரத்தடியைத் தாண்ட வழியில்லாமல் இருந்தது.

சாய்தளம் முடிந்த மறுநாள் காலை அவர் தாமாகவே இறங்கினாராம். தெருமுனைத் தேநீர்க் கடை வரை சென்று, அங்கேயே நண்பகல் வரை இருந்துவிட்டார் என்று மனைவி குறைபட்டுக்கொண்டாள். இப்போது பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறார். பெரிய வருமானமில்லை. ஓலை வாங்கத் தாமே போகிறார்.

இவ்வாண்டு இன்னொரு குடும்பத்துக்கு வீடு கட்டப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. பிறவியிலேயே நடக்க இயலாத பதினான்கு வயது மகன் உள்ள குடும்பம். வீட்டின் வரைபடத்தை நமது பனையேறியிடம் அனுப்பி வைத்தோம். இரண்டு இடங்களில் கரிக்கோலால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அடுப்படிக் கதவு அகலம் போதாது. சாய்தளம் மூன்றடி குறைகிறது. வரும் திங்கட்கிழமை வாணம் தோண்டும் முன் அவரே வந்து கயிறு பிடித்து அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தனாரும் அதுவரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்.