பரம்பரை என்று சொல்லி விட்டுவிடலாமா?

இழவு வீடுகளில் ஒரு பேச்சு அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. "இவருடைய அப்பாவும் இதே வயதில்தான் போனார். பரம்பரை நோய், என்ன செய்ய முடியும்?" ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா என எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். இறந்தவருக்கு ஐம்பது வயதுகூட நிறைந்திருக்காது. சொல்பவர் ஆறுதலுக்காகவே சொல்கிறார். ஆனால், அருகில் நின்று கேட்கும் மகன் அதைத் தன்மீது எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான். எனக்குக் கவலை தருவது இதுதான்.

பரம்பரை என்பது முற்றிலும் பொய்யா என்றால், இல்லை. 2009ஆம் ஆண்டு 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் சேர்ந்து செய்த ஆய்வு அது. இதயத் தசைக்குரிய ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பது நம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் காணப்படுகிறது என்றும், அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பல மடங்கு என்றும் அவர்கள் எழுதினர். உலகின் பல இனத்தாரையும் சோதித்ததில் இந்தக் குறை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் மட்டுமே தென்பட்டது. அதாவது நம் முன்னோர் கப்பலேறியபோது மூட்டையோடு இதுவும் வந்திருக்கிறது. இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பை நினைத்துப் பாருங்கள். கணக்குப்படி அதில் ஒருவர்!

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அச்சம்தான் மிஞ்சும். பலர் இத்தோடு நிறுத்திக்கொண்டு புலனத்தில் பரப்பவும் செய்கிறார்கள். கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2018இலும் 2020இலும் வந்த ஆய்வுகள், அந்த 25 எழுத்துக் குறையைத் தனியாகப் பார்த்தால் முதலில் எண்ணிய அளவுக்குக் கொடியதன்று எனக் காட்டின. அதே மரபணுவில், அதனோடு சேர்ந்தே வழிவழியாக வரும் வேறு அரிய மாற்றங்கள் சிலரிடம் உண்டு. இடரில் பெரும்பங்கு அவற்றுக்கே. ஆக, குறையைச் சுமக்கும் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள். மரபணு ஓர் எச்சரிக்கைச் சீட்டு, சாவுச் சீட்டன்று.

இனிப்பு நீருக்கு வருவோம். சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒற்றை மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு மாற்றங்கள் ஒவ்வொன்றும் இம்மியளவு இடரைக் கூட்டுகின்றன.

இதில் ஆசிரியர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் இரு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யூட்கின். உயரத்துக்கும் எடைக்கும் போட்ட கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. இது மரபணுவின் வேலை மட்டுமன்று. தாய் வயிற்றில் இருக்கும்போது கிடைத்த ஊட்டமும் காரணம் என்பது யாஜ்னிக்கின் கருத்து. 2008இல் பள்ளிகளில் அறிமுகமான செகாக் உடல் உறுதிச் சோதனையில் நாமும் எடை, உயரம் பார்த்து எண்ணைக் குறித்து வைக்கிறோம். ஒல்லியான பிள்ளை என்றால் 'நலம்' என்று அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். அந்த எண் நம் பிள்ளைகளைப் பற்றி முழு உண்மையைச் சொல்வதில்லை.

இடையில் ஒன்று. "தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்ததால் நம் மரபணு மாறிவிட்டது, அதனால்தான் இனிப்பு நீர்" என்று மேடைகளில் பேசக் கேட்கிறேன். பஞ்சத்தில் தப்பிக்க உதவிய மரபணுவே பிற்காலத்தில் நோய் தருகிறது என்ற கருதுகோளை ஜேம்ஸ் நீல் என்பவர் 1962இல் முன்வைத்தது உண்மை. அது இன்றுவரை வாதத்தில்தான் உள்ளது. 1876-78 பஞ்சம் நம் மரபணுவை மாற்றியது என்பதற்குச் சான்று கிடையாது. கைதட்டல் கிடைக்கிறது என்பதற்காக எதையும் சொல்லிவிடக் கூடாது.

மரபணுவே எல்லாம் என்றால், நம் பாட்டன்மாருக்கும் அதே மரபணுதானே? விடியற்காலையில் பால்மரத்துக்குப் போய், வாளி சுமந்து, மேடுபள்ளம் ஏறி இறங்கிய உடல் அது. 1967இல் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள் நீதி கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் வீட்டிலிருந்து மூலைக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். காலையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். மாலையில் மறுபடியும் அதே தேநீர். தோட்டம் போனது, லயம் போனது, நடையும் அதோடு போய்விட்டது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வை 2006இல் வெளியிட்டனர். இனிப்பு நீரின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கச் செய்யப்பட்டவர்களில் அது 39.3 விழுக்காடு. இரு சாராரும் நம்மவர்களே. மரபணு மாறவில்லை, நடை மாறியது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

விளையாட்டுத் திடலுக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. விரைந்து சுருங்கும் தசைக்குரிய புரதம் ஒன்று உலகில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு உருவாவதே இல்லை. ஏசிடிஎன்3 என்னும் மரபணு வேலை செய்யாததே காரணம். அவர்கள் நோயாளிகள் அல்லர். ஆனால் உலகத் தரக் குறுவிரைவு ஓட்டக்காரர்களில் இத்தகையோர் மிகக் குறைவு என 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உடனே வணிகர்கள் புகுந்துவிட்டனர். எச்சிலைக் கொடுத்தால் 'உங்கள் பிள்ளை எந்த விளையாட்டில் மிளிரும்' என்று சொல்வார்களாம்! இத்தகைய சோதனைகளுக்குத் திறமையைக் கண்டறிவதில் எந்தப் பங்கும் இல்லை என்று விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் 2015இல் கூட்டாக அறிக்கையே விட்டிருக்கிறார்கள். எம். இராஜமணி 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றதும், ஜி. சரவணன் 1998 காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றதும் எச்சிலைச் சோதித்துப் பார்த்தா? பெற்றோர்களே, அந்தப் பணத்துக்கு நல்ல காலணி ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே 'இவன் ஓடுவான், இவள் ஓடமாட்டாள்' என்று பிரித்து வைப்பதை நிறுத்த வேண்டும். பதக்கம் வாங்காத பிள்ளைக்குத்தான் திடல் அதிகம் தேவை.

மரபணுச் சோதனையைவிட மலிவானது ஒரு தாளும் எழுதுகோலும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மாமா, அத்தை ஆகியோருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று வீட்டில் எழுதி வையுங்கள். இதைப் பள்ளியில் ஒப்படைப்பாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு குடும்பத்து நோய் வகுப்பறைப் பேச்சாகக் கூடாது. அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்கு முன், அல்லது அம்மாவோ அக்காவோ 65 வயதுக்கு முன் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்க வேண்டாம். கொழுப்புச் சத்து இளமையிலேயே மிக அதிகமாக இருக்கும் பரம்பரை நிலை ஒன்றும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் முதலில் இரத்தம் பார்த்தாக வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2019இல் தொடங்கிய 'பேக்கா பி40' திட்டத்தின்கீழ் இலவசப் பரிசோதனை கிடைத்து வருகிறது. நம்மவர்க்கு நாற்பது வரை காத்திருப்பதே தாமதம் என்பேன். முப்பதிலேயே அரசு சுகாதார மருந்தகத்துக்குப் போய்ச் சர்க்கரை, கொழுப்பு, இரத்தக் கொதிப்பு மூன்றையும் பார்த்துவிடலாம். பசியாறாமல் வரச் சொன்னால் காலையில் வெறும் தண்ணீரோடு போங்கள். தேநீர் குடித்துவிட்டுப் போய், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டு வருபவர்கள் நம்மில் நிறையப் பேர்.